பீடிங் அறுப்போம்: மூலையும் பொருந்தட்டும், கையும் பிழைக்கட்டும்

கூரை போட்டாயிற்று, சுவர் பூசியாயிற்று, பால் காய்ச்சிக் குடிபுகுந்தும் ஆயிற்று. ஆனால் யன்னலில் கண்ணாடி இல்லை. உரப்பை அல்லது பொலித்தீன் தொங்குகிறது. கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி. அதன் வழியே மலைக்காற்றும் மழைச்சாரலும் உள்ளே வருகின்றன. இடம்பெயர்ந்து புதிய இடத்தில் வீடமைத்த பல குடும்பங்களில் நாம் காணும் நிலை இது.

எமது பகுதிக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1979இல் தொடங்கி 1985இல் முடிந்த கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகச் சுமார் 3,000 குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டு வெளியேறின. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் மேலும் பல குடும்பங்கள் இடம் மாறின. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை மலையகமெங்கும் வீடுகளைக் கொண்டுபோயிற்று. மறுபக்கத்தில், லயத்திலிருந்து தனிவீட்டுக்குப் போனவர்களும் உண்டு. பூண்டுலோயா டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் 2018 செப்டெம்பரில் கையளிக்கப்பட்டன.

எப்படிப் போனாலும், புதுவீட்டில் மிச்சம் மீதி வேலைகள் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. அவற்றுள் ஒன்று பீடிங் வேலை. இதற்கு ஒரு பாஸை அழைத்தால் கூலி கொடுக்க வேண்டும். நாமே செய்தால் மரத்துக்கும் ஆணிக்கும் மட்டுமே செலவு. ஆனால் அவசரத்தில் விரலை வெட்டிக்கொண்டால் கொழுந்து எடுக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது. ஒரு கிழமைப் பேர் போனால் மிச்சம் பிடித்த கூலியும் அதோடு போய்விடும். ஆகவே சுத்தமாகவும் காயமின்றியும் அறுப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

பீடிங் எங்கெங்கே வரும்?

மெல்லிய, நீளமான ஓரச் சட்டங்களையே பீடிங் என்கிறோம். வீட்டில் மூன்று இடங்களில் இது தேவைப்படும். முதலாவது, யன்னல் கண்ணாடியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் சிறு சட்டம். இரண்டாவது, நிலைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெடிப்பை மூடும் அகலமான சட்டம். மூன்றாவது, ஒட்டுப்பலகையில் செய்த மேசை, தட்டு ஆகியவற்றின் விளிம்பை மறைக்கும் பட்டி.

இம்மூன்றிலும் சிரமம் தருவது மூலைதான். நேராக அறுக்க யாராலும் முடியும். இரண்டு சட்டங்களைச் சாய்வாக அறுத்து, இடைவெளி இல்லாமல் மூலை சேர்ப்பதற்குத்தான் முறை வேண்டும். மூலை சேராத இடத்தில் மழைநீர் இறங்கும். நீர் இறங்கிய மரம் உக்கும்.

மரத்தைத் தெரிந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது மரம் காய்ந்திருக்கிறதா என்பதே. மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. ஈரச் சட்டத்தை இன்று 45 பாகையில் அறுத்து அழகாகப் பொருத்தினாலும், காய்ந்தபின் மூலையின் உட்பக்கம் வாய் திறந்துவிடும். மிகக் காய்ந்த சட்டம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஊதினால் மூலையின் வெளிப்பக்கம் திறக்கும். எனவே வாங்கிய பீடிங்கை அது பொருந்தப்போகும் வீட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று கிழமை படுக்கையாக வைத்துவிட்டு அறுக்கத் தொடங்குங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைக்க வேண்டாம்; அங்கே மரம் வேகமாகக் காய்ந்து முறுகும்.

எமது மலைகளில் கிடைக்கும் மரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. தேயிலைக்கு நிழலாக நட்ட கிரெவில்லியா (சபுக்கு) அறுக்கவும் சீவவும் இலகு. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் உறுதியானது, ஆனால் முனை வெடிக்கும், முறுகும். துளையிடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். பைன் மரம் மென்மையானது. அதன் பிசின் வாளில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் வாளை அவ்வப்போது துடைத்து, அத்துணியை அடுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். அல்பிசியாவில் நார் எழும். நயமான மூலைக்கு ஏற்றதல்ல.

இடம்பெயர்ந்தவர்கள் பழைய வீட்டிலிருந்து கழற்றிவந்த மரத்தைப் பயன்படுத்துவது வழக்கம். நல்ல காய்ந்த மரம் அதுதான். ஆனால் அதற்குள் ஆணி மறைந்திருக்கும். வாளின் பல் ஆணியில் பட்டால் வாள் பழுதாகும், துள்ளிக் கையையும் வெட்டும். அறுக்கும் இடத்தை நன்றாகத் துடைத்து, ஒரு காந்தத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பழைய எனாமல் பெயின்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், நனைத்துத் தேயுங்கள். சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

தேவையான கருவிகள்

விலையுயர்ந்த எதுவும் வேண்டியதில்லை.

1. சிறு பல் கைவாள். முதுகில் இரும்பு அல்லது பித்தளைப் பட்டை வைத்த, அங்குலத்துக்கு 12 முதல் 14 பல் உள்ள வாள் நல்லது. பலகை அறுக்கும் பெரிய வாளில் அங்குலத்துக்கு 7, 8 பல்தான் இருக்கும். அது பீடிங்கைக் கிழித்துவிடும். வாள் கிடைக்காவிட்டால், சட்டத்தில் மாட்டிய ஹெக்சோ பிளேட், 24 பல் உள்ளது, மெல்லிய பீடிங்குக்குப் போதும். நேரம் எடுக்கும், ஆனால் வெட்டு சுத்தமாக இருக்கும். சட்டமில்லாத வெறும் பிளேட்டைக் கையில் பிடித்து அறுக்காதீர்கள்.
2. மூலைமட்டம், டேப், கூர்மையான பென்சில், சிறு கத்தி.
3. சிறிய சுத்தியல், குறடு, மெல்லிய ஆணி.
4. மூலைப்பெட்டி. இதை நாமே செய்யலாம்.

வாளின் கூர்மை பற்றி ஒரு வார்த்தை. கவ்வாத்து வெட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கத்தி கூராக இருந்தால் தண்டு ஒரே வெட்டில் வழுவழுப்பாக விழும். மழுங்கியிருந்தால் தண்டு பிளக்கும், வெட்டுபவர் பலம் போடுவார், கத்தி வழுக்கிக் காலில் இறங்கும். வாளுக்கும் அதே கதைதான். மரத்தைக் கிழிக்கும் மழுங்கிய வாளே கையையும் பதம் பார்க்கும். பழைய வாளை முக்கோண அரத்தால் தீட்டலாம். பல் நுனி நீலமாகவோ கறுப்பாகவோ கருகியதுபோல் தெரியும் புது வாள்களை அரம் பிடிக்காது. மழுங்கினால் மாற்றத்தான் வேண்டும்.

மூலைப்பெட்டி செய்தல்

அடிப்பலகையாக 3 அங்குல அகலமும் 16 அங்குல நீளமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள நேரான துண்டை எடுங்கள். அதன் இரு பக்கமும் 1 அங்குலத் தடிப்பான, மூன்றரை அங்குல உயரப் பலகைகளைத் திருகாணியால் பொருத்துங்கள். மேலே திறந்த தொட்டிபோல் இருக்கும். திருகாணி, வாள் வரப்போகும் இடத்தில் இருக்கக் கூடாது.

இப்போது பெட்டியின் வெளி அகலம் 5 அங்குலம் (3 + 1 + 1). பக்கப் பலகைகளின் மேல் விளிம்பில், மூலைமட்டத்தால் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். அங்கிருந்து நீளவாக்கில் சரியாக 5 அங்குலம் தள்ளி இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையே 5 அங்குலச் சதுரம் கிடைக்கும். அதன் எதிர் மூலைகளைச் சேர்க்கும் கோடுதான் 45 பாகை. இரண்டு சாய்வுக் கோடுகளையும் போடுங்கள். ஒன்று இடதுக்கு, மற்றது வலதுக்கு. கோடுகளைப் பக்கப் பலகைகளின் வெளிமுகத்தில் மூலைமட்டத்தால் நேர் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். பின் அக்கோடுகளின் வழியே வாளால் அடிப்பலகை வரை அறுத்துவிடுங்கள். சற்றுத் தள்ளி நேர்க்குறுக்காக ஒரு 90 பாகை வெட்டும் வைத்தால் நேரறுப்புக்கும் அது உதவும்.

பெட்டியைச் சோதிக்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். இரண்டு கழிவுத் துண்டுகளை அறுத்து மூலை சேர்த்து, மூலைமட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு யன்னலைச் சுற்றி நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் 1 பாகை பிழைத்தால், நான்காவது மூலைக்கு வரும்போது 8 பாகை இடைவெளி நிற்கும். அதை எந்தப் பசையாலும் மறைக்க முடியாது.

அளவெடுத்தல்

அதிகமான மரம் வீணாவது இங்கேதான். இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

கண்ணாடியைப் பிடிக்கும் பீடிங் சட்டத்துக்குள்ளே உட்காருகிறது. எனவே திறப்பின் அளவே பீடிங்கின் நீண்ட பக்கத்தின் அளவு. திறப்பு 18 அங்குலம் அகலமும் 24 அங்குலம் உயரமும் என்றால், 18 அங்குலத்தில் இரண்டு, 24 அங்குலத்தில் இரண்டு. மொத்தம் 84 அங்குலம், அதாவது 7 அடி. வெட்டுக் கழிவுக்கும் சேர்த்து 8 அடி வாங்குங்கள்.

நிலையைச் சுற்றி வெளியே அடிக்கும் சட்டம் இதற்கு நேர்மாறானது. அங்கே உள்விளிம்புதான் திறப்பின் அளவு. வெளிவிளிம்பு சட்டத்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு கூடும். உள்ளளவு 30 அங்குலம், சட்டத்தின் அகலம் 2 அங்குலம் என்றால், மேற்சட்டத்தின் வெளி நீளம் 34 அங்குலம். 30 அங்குலத் துண்டை வெட்டிவிட்டுப் பின்னர் நீட்ட முடியாது.

யன்னலின் நான்கு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். கையால் செய்த யன்னலில் மேலும் கீழும் ஒரே அளவாக இருப்பது அரிது. கூடுமானவரை, பீடிங்கை அந்த இடத்திலேயே பிடித்துக் குறியிடுங்கள். டேப்பை வாசிப்பதைவிட இது திருத்தமானது. ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் அது போகும் இடத்தை எழுதிவையுங்கள்.

வாளுக்கும் தடிப்பு உண்டு. சிறு வாள் சுமார் 1 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கிவிடும். ஆகவே கோட்டின் மேல் அறுக்காமல், கோடு கண்ணுக்குத் தெரியும்படி கழிவுப் பக்கமாக அறுங்கள்.

அறுத்தல்

மூலைப்பெட்டியை மேசையில் அல்லது கனமான பலகையில் திருகாணியால் இறுக்குங்கள். முழங்காலில் வைத்தோ, படிக்கட்டில் காலால் மிதித்துக்கொண்டோ அறுப்பது நம்மிடையே பரவலான பழக்கம். அதில் மரமும் அசையும், வாள் தவறினால் போய்ச்சேருமிடம் தொடையோ கால்விரலோதான். இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லி அறுப்பதும் ஆபத்து. அவர் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வெட்டு விழும் முகத்தில் கத்தியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கத்தி நாரை முன்னதாகவே அறுத்துவிடுவதால், வாள் சிலும்பெழுப்பாது. தள்ளும்போது வெட்டும் கைவாள் பின்முகத்தில்தான் சிலும்பு கிளப்பும். ஆகவே நல்ல முகம் மேலேயும், உங்களை நோக்கியும் இருக்கட்டும்.

பீடிங்கைப் பெட்டியின் எதிர்ச்சுவரோடு சேர்த்து அழுத்துங்கள். பிடிக்கும் கை வாளிலிருந்து 4 அங்குலமாவது தள்ளியிருக்க வேண்டும். கை அவ்வளவு தள்ளி நிற்க முடியாத சிறு துண்டைத் தனியாக அறுக்காதீர்கள். நீண்ட சட்டத்திலிருந்தே அதை அறுத்தெடுங்கள். பெட்டிக்கு வெளியே நீண்டு தொங்கும் முனைக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுங்கள்.

முதல் இரண்டு மூன்று இழுப்பை உங்கள் பக்கமாக மெல்ல இழுத்துத் தடம் பதியுங்கள். பின் வாளின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, அழுத்தாமல் தள்ளி இழுங்கள். வெட்டுவது வாளின் வேலை. நாம் வழி காட்டினால் போதும். முடியும் தறுவாயில் வேகத்தைக் குறைத்து, கழிவுத் துண்டு முறிந்து விழாமல் பாருங்கள். கடைசி நாலைந்து தள்ளலில்தான் முனை கிழிவதும், வாள் திடீரென்று விடுபட்டுக் கைமேல் வருவதும் நிகழ்கின்றன.

சமமான இரண்டு துண்டு வேண்டுமானால், பெட்டிக்குள் ஒரு சிறு கட்டையைத் தடுப்பாகத் திருகிவிட்டு, முனையை அதில் முட்டவைத்து அறுங்கள். இரண்டாவது தடவை அளக்க வேண்டியதில்லை. துண்டு ஒரு நூல் நீளமாகப் போனால் கூரான சீவுளியால் மெல்லச் சீவலாம், குறைந்துபோனால் வழியில்லை. எனவே முதலில் சற்று நீளமாகவே அறுங்கள்.

பொருத்துதல்

கண்ணாடி வெட்டும்போது, திறப்பைவிட நீளத்திலும் அகலத்திலும் 1/8 அங்குலம் குறைவாக வெட்டச் சொல்லுங்கள். மரம் ஊதும்போது கண்ணாடிக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

பீடிங்கின் எல்லாப் பக்கத்துக்கும், முக்கியமாக அறுத்த முனைகளுக்கும், பொருத்துவதற்கு முன்பே ஒரு பூச்சு பெயின்ட் அடியுங்கள். மரம் தண்ணீரை அதிகமாகக் குடிப்பது அறுத்த முனை வழியாகத்தான். பூண்டுலோயா மழைக்கு இதைத் தவறவிடக் கூடாது.

முதலில் மேலும் கீழும் உள்ள குறுகிய துண்டுகளை வையுங்கள். பக்கத் துண்டுகள் ஒரு மயிரிழை நீளமாக இருந்தால், நடுவில் சிறிது வளைத்து உள்ளே விட்டு அழுத்த, அவை இறுகிக்கொண்டு மூலையை மூடும். மெல்லிய துளையிட்டு, ஆணியைக் குறட்டால் பிடித்து அடியுங்கள். விரலில் அடி விழாது. கண்ணாடிமேல் தடித்த காட்போட் அட்டை வைத்து, சுத்தியலை அதில் படிந்தவாறே அசைத்து அடித்தால் கண்ணாடி உடையாது.

மேசை விளிம்புக்குப் பட்டி ஒட்டுவதானால், பலகையின் தடிப்பைவிடச் சிறிது அகலமான பட்டியை ஒட்டி, பசை காய்ந்தபின் பலகை மட்டத்துக்குச் சீவுங்கள். சரியளவாக ஒட்ட முயன்றால் எங்காவது ஓரிடத்தில் பலகை துருத்திக்கொண்டு நிற்கும்.

மின்வாளும் கிரைண்டரும்

இப்போது பல வீடுகளில் சிறு கிரைண்டர் இருக்கிறது. இரும்பு அறுக்கும் தட்டைக் கழற்றிவிட்டு, பல் வைத்த மர பிளேட்டை அதில் மாட்டி மரம் அறுப்பவர்களையும் காண்கிறோம். இது மிகப் பெரிய ஆபத்து. 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழல்கிறது. மரம் அறுக்கும் மின்வாளுக்குப் படிந்து நிற்கத் தட்டையான அடித்தகடும், பல்லை மூடிக்கொள்ளும் மறைப்பும் உண்டு. கிரைண்டருக்கு அவை இல்லை. பல் மரத்தில் சிக்கிய கணத்தில் கருவி துள்ளி முகத்துக்கோ கழுத்துக்கோ தொடைக்கோ வரும். கையை எடுக்க நேரம் கிடைக்காது. மறைப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய பிளேட் மாட்டினால் ஆபத்து இன்னும் கூடும். பீடிங்குக்கு இந்த ஆபத்து தேவையே இல்லை. பத்து நிமிடத்தில் கைவாள் முடித்துவிடும் வேலை இது.

உரிய மின்வாள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

• சுத்தமான வெட்டுக்கு 40க்கு மேல் பல்லுள்ள பிளேட் வேண்டும். 24 பல் பிளேட் பலகை பிளக்கத்தான்.
• கையில் பிடிக்கும் வட்டவாள் கீழிருந்து மேலே வெட்டும். ஆகவே நல்ல முகம் கீழே இருக்கட்டும்.
• பீடிங்கைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கையால் பிடித்து அறுக்காதீர்கள்.
• பிளேட் மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்; சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது.
• ஈர நிலத்தில், வெறுங்காலோடு, ஒட்டுப்போட்ட வயரோடு வேலை செய்யாதீர்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் இயங்குகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.
• தாவணி, சால்வை, தொங்கும் கைச்சட்டை, அவிழ்ந்த கூந்தல், தளர்ந்த கையுறை ஆகியன சுழலும் கருவியில் சிக்கும்.
• கண்ணாடி அணிந்து கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். மரத்தூள் நீண்டகாலம் நெஞ்சுக்குள் போவது கேடு; புற்றுநோய்க்கும் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியுள்ளது. முகக்கவசம் அணிந்து, வெளியிலே வைத்து அறுங்கள்.

கை வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். இடையிடையே துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். தேயிலைத்தூள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் போடாதீர்கள். அவை கிருமியைக் கொண்டுவரும், வைத்தியருக்கும் தையல் போட இடைஞ்சல்.

இரத்தம் நிற்காவிட்டால், விரல் மரத்துப்போனால், அல்லது விரலை மடக்க முடியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். காயம் சிறிதாக இருந்தாலும், துருப்பிடித்த ஆணி அல்லது வாளால் ஏற்பட்டதென்றால் ஏற்பு ஊசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

கூட்டாகச் செய்தால்

ஒரு வீட்டுக்கு ஒரு வாள், ஒரு மூலைப்பெட்டி என்று வாங்கத் தேவையில்லை. பத்து வீடு சேர்ந்து ஒரு நல்ல வாளும், ஒரு மூலைமட்டமும், இரண்டு கிளாம்பும், ஒரு முக்கோண அரமும் வாங்கி ஒரு பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார், யார் திருப்பினார் என்று ஒரு கொப்பியில் எழுதட்டும். எடுத்தவர் கூர் தீட்டித் துடைத்துத் திருப்ப வேண்டும் என்பது ஒன்றே விதி. கை பழகிய ஒருவர், ஆணோ பெண்ணோ, முதல் வீட்டின் யன்னலை மற்றவர்கள் பார்த்திருக்க அறுத்துக் காட்டட்டும். இரண்டாவது யன்னலை அந்த வீட்டுக்காரரே அறுக்கட்டும்.

முதல் மூலை சற்றுப் பிசகலாம். அதைச் சமையலறைப் பின்யன்னலில் வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது மூலைக்குள் கை பழகிவிடும். அடுத்த மழைக்குமுன் உரப்பையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுவிடலாம்.